வீட்டைக் காக்கும் கதவை யார் காப்பது?

வீடு கட்டுகிற நம்மவர்கள் அஸ்திவாரம் போடுவதற்கு நாள் பார்ப்பது போலவே வாசல் நிலை வைப்பதற்கும் நாள் பார்க்கிறார்கள். நிலைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் இட்டு, மாவிலைத் தோரணம் கட்டி, அடியில் நவதானியமும் நாணயமும் போட்டு, தச்சருக்கு வேஷ்டியும் தட்சிணையும் வைத்துக் கொடுத்து, உற்றார் உறவினர் முன்னிலையில் அதை நிமிர்த்தி நிறுத்துகிறார்கள். மரத்துக்கு இத்தனை உபசாரமா என்று பார்க்கிறவர்களுக்கு ஆச்சரியமாய்க்கூட இருக்கும்.

ஆனால் அந்த உபசாரம் அன்று மாலையோடு முடிந்து விடுகிறது. அதற்குப் பிறகு பதினைந்து, இருபது வருஷ காலம் கதவை ஏறிட்டுப் பார்ப்பார் இல்லை. ஒரு ஐப்பசி மாதத்து அடைமழையில் அது மூட மாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கிறது. வீட்டுக்காரர் தோளைக் கொடுத்து இடிக்கிறார். பையன் காலால் உதைக்கிறான். "மரத்துக்கு வயதாகி விட்டது. இதைத் தூக்கி எறிந்துவிட்டு இரும்பிலோ பிளாஸ்டிக்கிலோ ஒன்று போட்டுவிட வேண்டியதுதான்" என்று தீர்ப்புச் சொல்லப்படுகிறது.

மரத்துக்கு உண்மையில் வயதாகி விட்டதா? பம்பாயில் வாடியா குடும்பத்துக் கப்பல் தச்சர்கள் தேக்கு மரத்தால் ஒரு போர்க்கப்பலைக் கட்டி 1817-ம் வருஷம் கடலில் இறக்கினார்கள். அதற்கு இடப்பட்ட பெயர் 'திரிகோணமலை'. அந்தக் கப்பல் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் இன்றும் மிதந்து கொண்டிருக்கிறது. நடுவில் அதைப் பெரிதாகப் பழுது பார்த்தார்கள் என்பது உண்மையே. ஆயினும் உப்புத் தண்ணீரில் இருநூறு வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடித்த ஜாதி மரம், நம் வீட்டு வாசலில் இருபது வருஷத்தில் கிழடு தட்டிப் போகிறது என்றால், பிசகு மரத்தில் இருக்க முடியாது. கதவைக் கெடுப்பது வயது அல்ல. அதற்குள் புகும் தண்ணீர். தண்ணீர் எங்கே புகுகிறது, அதை எப்படித் தடுப்பது என்று தெரிந்து கொண்டால், ஒரு கதவு மூன்று தலைமுறைக்கு உழைக்கும். அந்த விவரங்களைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மரத்தின் தாகம்

மரம் வெட்டுண்ட பிறகும் தண்ணீர் குடிப்பதை விடுவதில்லை. மரத்தின் உள்ளே நுண்ணிய குழாய்கள் கட்டுக்கட்டாக நீளவாட்டில் ஓடுகின்றன. காற்றில் ஈரம் மிகுந்தால் மரம் அதை உறிஞ்சிப் பருக்கிறது. காற்று வறண்டால் ஈரத்தை வெளியே விட்டுச் சுருங்குகிறது. இதில் ஒரு விசேஷம் உண்டு. நீளவாட்டில் மரம் அநேகமாக மாறுவதே இல்லை. மாறுவதெல்லாம் அகலவாட்டில்தான்.

இதைச் சற்றுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்றரை அடி, அதாவது 42 அங்குல அகலத்துக்குத் தேக்குப் பலகைகளை இடைவெளியின்றி ஒட்டி ஒரே பரப்பாக ஒரு கதவு செய்ததாக வைத்துக் கொள்ளுங்கள். கோடைக்கும் மழைக்கும் இடையே மரத்திலுள்ள ஈரம் நூற்றுக்கு 4 பங்கு மாறுகிறது என்போம். ஈரம் ஒரு பங்கு மாறினால் தேக்கின் அகலம் நூற்றுக்குச் சுமார் 0.2 பங்கு மாறக்கூடும். ஆகவே அந்தக் கதவு ஏறத்தாழ மூன்றில் ஒரு அங்குலம் பருத்துவிடும். அப்படிப் பருத்த கதவு நிலைக்குள் எப்படி நுழையும்?

நம் முன்னோர்களான தச்சர்கள் இந்தக் கணக்கைப் புஸ்தகத்தில் படித்ததில்லை; ஆனால் விடையைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். கதவைச் சட்டங்களாகவும் நடுப்பலகைகளாகவும் பிரித்தார்கள். சட்டங்களின் உட்புறத்தில் காடி எடுத்து, பலகையை அந்தக் காடிக்குள் ஆணியும் பசையும் இல்லாமல் சும்மா சொருகி வைத்தார்கள். பலகை தன் இஷ்டம் போல் காடிக்குள்ளேயே பருத்துச் சுருங்கிக் கொள்ளும். கதவின் மொத்த அகலத்துக்கு அதனால் பாதகமில்லை. பக்கத்துக்கு 5 அங்குலமாக இரண்டு நெடுஞ்சட்டங்கள் இருந்தால், 10 அங்குல மரம் மட்டுமே கணக்கில் வரும். அதே மழையில் அந்தக் கதவு பருப்பது ஒரு அங்குலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குதான். பலகை ஆடுகிறதே என்று ஆணி அடித்து இறுக்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அசைய இடம் இல்லாத பலகை நடுவே பிளந்து போவதைத் தவிர வேறு வழியில்லை.

எந்த மரம் நல்லது?

தேக்கைப் பற்றி நாம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1906-ல் டேராடூனில் ஏற்பட்ட வன ஆராய்ச்சி நிலையத்தார், மற்ற மரங்களின் பலம், கனம், உழைப்பு முதலியவற்றை அளவிடும்போது தேக்குக்கு 100 மார்க் என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை அதனோடு ஒப்பிடுவது வழக்கம். தேக்கு மிகுந்த கனமும் அல்ல, மிகுந்த இலேசும் அல்ல, குறைவாகவே சுருங்குகிறது, அதிலுள்ள இயற்கையான எண்ணெய்ப் பசை கறையானை அண்ட விடுவதில்லை.

இந்தப் புகழின் காரணமாகவே காடுகள் அழிந்தன. கப்பல் கட்டுவதற்காக மலபார்க் காடுகளைக் கண்மூடித்தனமாக வெட்டித் தீர்த்தபின், 1840-க்குப் பிந்திய வருஷங்களில் கலெக்டர் கொனோலி நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட ஏற்பாடு செய்தார். விதை முளைக்க மறுத்துத் தொல்லை கொடுத்தது. முளைக்க வைத்து, கன்றுகளை நட்டு வளர்த்தவர் சாத்து மேனன் என்ற நம் நாட்டு அதிகாரி. தோட்டத்தின் ஒரு பகுதி இன்றும் கலெக்டரின் பெயரால் வழங்குகிறது. சாத்து மேனனின் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் சிலரே.

இன்று மரக்கடையில் தேக்கு என்று சொன்னால் பலவிதம் உண்டு. காட்டில் மெள்ள வளர்ந்த முதிர்ந்த மரமும் தேக்கு. கானாவிலிருந்தும் ஈக்வடாரிலிருந்தும் கப்பலில் வருகிற இளந்தோட்ட மரமும் தேக்கே. பெயரைக் கேட்டு ஏமாறாமல் மரத்தைப் பார்த்து வாங்க வேண்டும். பார்க்க வேண்டியது முக்கியமாய் ஒன்று: வைரம். மரத்தின் நடுப்பகுதி வைரம் பாய்ந்து, பொன்னிறம் கலந்த பழுப்பாக இருக்கும். வெளிப்பகுதி வெளுத்திருக்கும், தச்சர்கள் இதை 'வெள்ளை' என்பார்கள். தேக்கின் உறுதியும் கறையானை எதிர்க்கும் குணமும் வைரத்துக்கே உண்டு. தேக்காகவே இருந்தாலும் வெள்ளைப் பகுதியைப் பூச்சி அரித்துவிடும். இள மரத்தில் வெள்ளை அதிகம். சாயம் பூசி வெள்ளையை மறைப்பதும் உண்டாகையால், கண்ணில் படாத ஒரு மூலையில் உளியால் சிறிது சுரண்டிப் பார்ப்பது உசிதம்.

தேக்குக்குப் பணம் போதாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. நன்றாய் முற்றிய பலா மரம் கதவுக்கு மிகவும் ஏற்றது. மலையாள நாட்டிலும் தென் ஜில்லாக்களிலும் அது நெடுங்காலமாகப் பழக்கத்தில் இருக்கிறது. வேங்கை உறுதியானது, ஆனால் நனைந்தால் மஞ்சள் சாயம் விடும், ஆகையால் வெள்ளைச் சுவருக்குப் பக்கத்தில் யோசித்து வைக்க வேண்டும். வேம்பும் பூவரசும் நம் கொல்லையிலேயே வளர்கின்றன; பூச்சி எளிதில் தொடாது. பெரிய பலகை கிடைப்பது அருமை என்பதால் உள் கதவுகளுக்கும் ஜன்னல்களுக்கும் அவை பொருந்தும். மாமரத்தை மட்டும் மழை படும் இடத்தில் வைக்காதீர்கள். அது சீக்கிரம் மக்கிவிடும்.

தண்ணீர் ஓயாமல் கொட்டும் ஸ்நான அறைக்குப் பிளாஸ்டிக் கதவே நல்லது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மரத்தின் மீதுள்ள அபிமானத்தால் அதற்கு ஆகாத இடத்தில் அதை நிறுத்துவது மரத்துக்குச் செய்யும் அநீதி.

முகூர்த்தமும் ஈர மரமும்

எந்த மரமானாலும் அது காய்ந்திருக்க வேண்டும். பச்சை மரத்தில் சில சமயம் மரத்தின் எடைக்குச் சமமான தண்ணீர்கூட இருக்கும். கதவுக்கும் நிலைக்கும் உபயோகிக்கும் மரத்தில், பிரதேசத்தின் சீதோஷ்ணத்தையும் மரத்தின் கனத்தையும் பொறுத்து, ஈரம் சுமார் நூற்றுக்கு 10 முதல் 16 பங்குக்குள் இருப்பது நலம்.

இதை அளப்பதற்குச் சிறு கருவிகள் இப்போது கிடைக்கின்றன. கருவி இல்லாதவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் செய்யக்கூடிய சோதனையைச் செய்து பார்க்கலாம். பலகையின் நடுப்பாகத்திலிருந்து ஒரு துண்டு வெட்டி நிறுத்துக் கொள்ளுங்கள். அதைக் கருகிவிடாமல் மிதமான சூட்டில் வைத்து, எடை மேலும் குறையாத வரையில் உலர்த்தி மறுபடியும் நிறுங்கள். முதலில் 112 கிராம், பிறகு 100 கிராம் என்றால், ஈரம் நூற்றுக்கு 12 என்று அர்த்தம். 130 கிராம் இருந்தது 100 ஆயிற்று என்றால், அந்த மரத்தைத் தச்சரிடம் கொடுக்கும் காலம் இன்னும் வரவில்லை.

நம் நாட்டில் நல்ல கதவுகள் பல, பிறக்கும்போதே நோயோடு பிறப்பதற்குக் காரணம் முகூர்த்த அவசரம். சுவர் எழுந்துவிடுகிறது, நிலை வைக்க நாளும் குறித்தாயிற்று, அதற்குப் பத்து நாள் முன்னால் மரக்கடைக்கு ஓடுகிறார்கள். அப்போது அறுத்த ஈர மரத்தையே தச்சர் இழைத்துக் கொடுக்கிறார். அவர் வேறு என்ன செய்வார்? முதல் கோடையிலேயே நிலை முறுக்கிக்கொள்கிறது. கதவு விரிசல் விடுகிறது. பழி தச்சர் தலையில் விழுகிறது. இதற்குப் பரிகாரம் மிகவும் எளிது. அஸ்திவாரம் தோண்டும்போதே கதவு மரத்தை வாங்கி அறுத்துவிடுங்கள். பலகைகளுக்கு நடுவே சிறு குச்சிகள் வைத்து, காற்று புகும்படி நிழலில் அடுக்கி, தரையின் ஈரம் தாக்காமல் கற்களின் மேல் நிறுத்துங்கள். சுவர் எழும் மாதங்களில் மரமும் காய்ந்துகொண்டிருக்கும். நாள் பார்ப்பதை விட வேண்டியதில்லை. மரத்துக்கும் சேர்த்து நாள் பார்த்தால் போதும்.

மோட்டார்க் கொட்டகைக் கதவு

இந்தக் காலத்தில் வீட்டோடு மோட்டார் நிறுத்தக் கொட்டகை கட்டுகிறவர்கள் மிகுந்து விட்டார்கள். அதற்குச் சுருட்டும் தகடு போடுவது வழக்கமாயிருந்தாலும், வீட்டின் முகப்புக்கு ஒத்ததாக மரக் கதவு போட விரும்புகிறவர்களும் உண்டு. பெரிய கதவில் சிறிய பிழையும் பெரிதாகத் தெரியுமாதலால், இதைச் சற்று விரிவாகக் கவனிப்போம்.

எட்டு அடி அகல வாசலுக்கு இரட்டைக் கதவு என்றால் ஒவ்வொரு கதவும் 4 அடி அகலம், 7 அடி உயரம் இருக்கும். ஒன்றரை அங்குல கனத்தில் முழுத் தேக்காக அடித்தால் ஒரு கதவின் எடை 60 கிலோவுக்கு மேல் ஆகும். சட்டமும் மெல்லிய பலகையுமாகச் செய்தால் சுமார் 50 கிலோ என்று கொள்ளலாம். இந்தப் பாரம் முழுவதும் கதவின் நடுவில், அதாவது கீலிலிருந்து இரண்டடி தள்ளித் தொங்குவதாக எண்ணிக் கொள்ளுங்கள். கீழ்க் கீலுக்கும் மேல் கீலுக்கும் நடுவே 5 அடி தூரம் இருந்தால், மேல் கீலைச் சுவரிலிருந்து பிடுங்கி இழுக்கும் விசை சுமார் 20 கிலோ. அழகாயிருக்கட்டும் என்று கீல்களை நெருக்கி இரண்டரை அடி தூரத்தில் வைத்தாலோ, அதே விசை 40 கிலோவாகிவிடும். ஆகவே கீல்களைக் கூடியவரையில் மேல் கோடியிலும் கீழ்க் கோடியிலும் வைத்து, நடுவில் மூன்றாவது ஒன்றும் போட வேண்டும். கடற்கரை ஊர்களில் சாதாரண இரும்புக் கீல் துருப்பிடித்து நாசமாகும். அங்கே பித்தளையோ துருப்பிடிக்காத எஃகோதான் தகும்.

அகலமான கதவு தன் பாரத்தாலேயே சாய்ந்து, திறக்கும் பக்கத்து நுனி தரையில் உராயத் தொடங்கும். இதைத் தடுக்கக் குறுக்குச் சட்டம் ஒன்று சாய்வாக வைக்க வேண்டும். எந்தப் பக்கம் சாய்வது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். மரச் சட்டமானால் அதன் கீழ் நுனி, கீழ்க் கீல் இருக்கும் மூலையில் ஊன்ற வேண்டும். மேல் நுனி, திறக்கும் பக்கத்து மேல் மூலையைத் தாங்க வேண்டும். அப்போது கதவின் பாரம் சட்டத்தை அழுத்தும். மரம் அழுத்தத்தைச் சுகமாகத் தாங்கும். இரும்புக் கம்பியால் இழுத்துக் கட்டுவதாக இருந்தால் இதற்கு நேர் எதிராக, மேல் கீல் மூலையிலிருந்து திறக்கும் பக்கத்துக் கீழ் மூலைக்குக் கட்ட வேண்டும். ஒன்று தாங்குகிறது, மற்றொன்று தூக்கிப் பிடிக்கிறது.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறக்கிறதோ இல்லையோ, கொக்கி போடாத கொட்டகைக் கதவு நிச்சயமாய் அறைந்து கொள்ளும். ஒரே அறையில் கீல் திருகாணிகள் கழன்றுவிடும். திறந்த கதவைப் பிடித்து வைக்க இரு புறமும் கல்லும் கொக்கியும் அவசியம். இன்னொரு எச்சரிக்கை: கொட்டகைக் கதவின் மேலோ கீழோ காற்றுப் போக வழி வையுங்கள். கதவைச் சாத்திவிட்டு உள்ளே பெட்ரோல் எஞ்சினை ஓட விட்டால், நிறமும் மணமும் அற்ற விஷ வாயு நிரம்பி ஆளைக் கொன்றுவிடும். காற்று வழி இருந்தாலும், கதவைத் திறந்து வைக்காமல் எஞ்சினைத் தொடவே கூடாது.

பார்வைக்குத் தப்பும் இடம்

கதவுக்கு வர்ணமோ வார்னிஷோ பூசுகிறவர்கள் முன்புறம் பூசுகிறார்கள், பின்புறமும் பூசுகிறார்கள். கதவின் அடி விளிம்பை யார் பூசுகிறார்கள்? கதவை மாட்டிய பிறகு வர்ணக்காரர் வருவதால், அந்த இடத்துக்குத் தூரிகை போவதே இல்லை. நெடுஞ்சட்டங்கள் தரையை நோக்கி முடிவதும் அந்த இடத்தில்தான். முன்பு சொன்ன நுண்ணிய குழாய்களின் வாய்கள் அங்கே திறந்து கிடக்கின்றன. மரத்தின் பக்கவாட்டைக் காட்டிலும் இந்த நுனி பன்மடங்கு வேகமாகத் தண்ணீரை உறிஞ்சும். ஆகையால் பத்துக்கு ஒன்பது கதவுகள் அடியிலிருந்தே அழுகத் தொடங்குகின்றன.

உங்கள் வீட்டுக் கதவு எப்படி இருக்கிறது என்று இன்றைக்கே பார்க்கலாம். முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைக் கதவின் அடியில் தரையோடு வைத்துப் பாருங்கள். அடி விளிம்பு வெறும் மரமாகத் தெரிந்தால், உங்கள் கதவு ஒவ்வொரு மழையிலும் தண்ணீர் குடித்து வருகிறது என்று தெரிந்துகொள்ளலாம். கதவைக் கழற்றி, வெயிலில் உலர்த்தி, மேல் விளிம்பிலும் அடி விளிம்பிலும் மூன்று முறை வர்ணம் பூசி மாட்டுங்கள். கதவுக்காகச் செய்யக்கூடிய காரியங்களில் இதைவிட மலிவானதும் இதைவிடப் பலன் தருவதும் வேறில்லை.

நிலைக்கால்களின் அடிப்பாகத்துக்கும் இதே கதிதான். நம் வீடுகளில் விடியற்காலையில் வாசல் தெளிக்கிறோம். வெள்ளிக்கிழமைதோறும் படியைக் கழுவி மஞ்சள் பூசுகிறோம். மார்கழியில் கேட்கவே வேண்டாம். இவை மங்களமான வழக்கங்கள். இவற்றை விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பழைய வீடுகளில் பலவற்றில் கருங்கல் படி போட்டு, அதன் மேல் நிலைக்காலை நிறுத்தியதன் ரகசியம் இதுதான். கல் நனையலாம், மரம் நனையக் கூடாது. வாளியோடு தண்ணீரைக் கதவின் மேல் வீசிக் கழுவுவதை மட்டும் அடியோடு நிறுத்திவிடுங்கள். ஈரத் துணியை நன்றாகப் பிழிந்து துடைத்தால் போதும்.

தண்ணீருக்கு அடுத்த எதிரி வெயில். மேற்குப் பார்த்த வாசலில் பளபளவென்று பூசிய வார்னிஷ் ஓரிரண்டு வருஷத்தில் வெடித்து உரியும். சூரிய கிரணம் வார்னிஷை ஊடுருவி மரத்தின் மேல்தோலைச் சிதைப்பதே காரணம். வர்ணம் கலந்த பூச்சு வெளிச்சத்தைத் தடுப்பதால் அதிக காலம் நிற்கும். பழைய வீட்டுத் திண்ணையும், அதன் மேல் இறங்கிய ஓட்டுத் தாழ்வாரமும் வழிப்போக்கர்களுக்கு மட்டுமா நிழல் கொடுத்தன? கதவுக்கும் அல்லவா கொடுத்தன! திண்ணை வைக்க இடமில்லாதவர்கள் கதவுக்கு மேலே இரண்டடிச் சாய்ப்பாவது இறக்க வேண்டும்.

மூன்றாவது எதிரி கறையான். நிலை சுவரைத் தொடும் இடத்தில் மெல்லிய மண் கோடு தெரிகிறதா என்று மாதம் ஒரு முறை பார்ப்பது நல்லது. கோட்டைத் துடைத்துவிட்டால் கறையான் போய்விட்டது என்று நினைக்கக் கூடாது. அது வரும் வழியைச் சுவரிலும் தரையிலும் தேடிக் கண்டு மருந்து இட வேண்டும்.

வருஷத்தில் மூன்று நாள்

கதவைப் பேணுவதற்கு வருஷத்தில் மூன்று நாள் செலவிட்டால் போதும்.

முதல் நாள் சித்திரையில். மரம் நன்றாகக் காய்ந்திருக்கும் காலம் அது. திருகாணிகளைச் சோதியுங்கள். ஓட்டை அகன்று திருகாணி பிடிக்காமல் சுழன்றால், பெரிய திருகாணியைத் தேட வேண்டாம். ஓட்டையில் பசை தடவிய தேக்குக் குச்சியை அடித்து, காய்ந்தபின் அதில் பழைய திருகாணியையே ஏற்றுங்கள். கீல்களுக்கு மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைச் சேர்த்துக்கொள்ளும். கதவை இழைக்க வேண்டுமானால் அதற்கும் இதுவே தருணம்.

இரண்டாவது நாள் புரட்டாசியில், வடகிழக்குப் பருவ மழைக்கு முன்னால். பூச்சு உரிந்த இடங்களை உப்புத்தாளால் ரேகையோடு ஒட்டித் தேய்த்து, தூசியைத் துடைத்து, புதிய பூச்சுக் கொடுங்கள். தேக்கில் எண்ணெய்ப் பசை இருப்பதால், டர்பண்டைனில் நனைத்த துணியால் ஒரு முறை துடைத்த பிறகு பூசினால் வார்னிஷ் நன்றாகப் பிடிக்கும். முதல் பூச்சை நீர்க்கப் பூசி, ஒரு நாள் காய விட்டு, மேலும் இரண்டு பூச்சுக் கொடுப்பது முறை. இங்கே இரண்டு அபாயங்களைச் சொல்லியாக வேண்டும். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டால் அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் ஊற வையுங்கள். இரண்டாவதாக, பழைய வர்ணங்களில் ஈயம் கலந்திருக்கலாம். வீட்டு வர்ணத்தில் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. ஆகையால் பழைய கதவை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்ப வேண்டாம். நனைத்துத் தேய்த்து, கசடை வழித்தெடுத்து, அதுவரையில் குழந்தைகளை அருகில் விடாமல் இருங்கள். மரம் நன்றாக உலர்ந்த பிறகே பூச்சைத் தொடங்க வேண்டும்.

மூன்றாவது நாள் தை பிறப்பதற்கு முன்னால், போகிக்கு வீடு சுத்தம் செய்யும்போது. மழையில் கதவுக்கு நேர்ந்த சேதத்தைக் கணக்கெடுங்கள். நிலைக்காலின் அடியைப் பேனாக் கத்தியால் குத்திப் பாருங்கள். கத்தி வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கினால் மரம் மக்கத் தொடங்கிவிட்டது.

ஐப்பசியில் கதவு பிடித்துக்கொண்டால் என்ன செய்வது? உடனே இழைப்புளியை எடுக்காதீர்கள். மழையில் இழைத்த கதவு பங்குனியில் சந்து விட்டுக் காற்றையும் பல்லியையும் உள்ளே அழைக்கும். முதலில் மேல் கீலின் திருகாணியைப் பாருங்கள். பாதிக் குற்றம் அங்கேதான் இருக்கும். பிறகு கதவின் விளிம்பில் சாக்குக்கட்டியைத் தேய்த்து ஒரு முறை மூடித் திறங்கள். நிலையில் எங்கே வெள்ளை ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் உராய்கிறது. அந்த இடத்தில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டுச் சித்திரை வரையில் பொறுங்கள். அப்போதும் அவசியமானால் இழைத்து, இழைத்த இடத்தில் அன்றே பூச்சுக் கொடுத்துவிடுங்கள்.

விற்பதற்கு முன்னால்

செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்கள் அவற்றின் கதவுகளை மறந்திருக்க மாட்டார்கள். ரங்கூனிலிருந்து கப்பலில் வந்த பர்மாத் தேக்கில் இழைத்த கதவுகள் அவை. 1942-ல் ஜப்பானியர் பர்மாவுக்குள் புகுந்தபோது அந்த வாழ்வு குலைந்தது. பல வீடுகள் பூட்டிக் கிடந்தன, சில இடிக்கப்பட்டன. அவற்றின் கதவுகளும் தூண்களும் இன்று காரைக்குடியில் பழம்பொருள் கடைகளில் விலைக்கு நிற்கின்றன. பர்மாவிலிருந்து மரங்களை உருப்படியாக ஏற்றுமதி செய்வதை அந்த நாட்டு அரசாங்கம் 2014 ஏப்ரலிலிருந்து தடை செய்துவிட்டது. காட்டில் நூறு வருஷம் மெள்ள வளர்ந்த அந்தத் தேக்கு இனிமேல் எளிதில் கிடைக்கப் போவதில்லை.

செட்டிநாட்டில் மட்டுமல்ல, தஞ்சாவூரிலும் நெல்லையிலும் கொங்கு நாட்டிலும், சாதாரணக் குடித்தன வீடுகளில்கூடத் தாத்தா காலத்துக் கதவுகள் இருக்கின்றன. கீல் இல்லாமல், கதவோடு சேர்ந்த மரக் குடுமியிலேயே கல் குழியில் சுழலும் கதவுகளும் சில ஊர்களில் இன்னும் உழைக்கின்றன. வீட்டைப் புதுப்பிக்கும்போது இவற்றை இடிபாடுகளோடு சேர்த்து வந்த விலைக்குத் தள்ளிவிடுவது சகஜமாகிவிட்டது. வாங்குகிறவருக்கு அதன் மதிப்புத் தெரியும்; விற்கிறவருக்குத்தான் தெரிவதில்லை.

விற்பதற்கு முன்னால் ஒரு நல்ல தச்சரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். பழைய கதவில் கெட்டிருப்பது பெரும்பாலும் அடியில் அரை அடிதான். அடிச் சட்டத்தை மாற்றி, நெடுஞ்சட்டத்தின் நுனிகளை அறுத்துப் புது மரத்தை ஒட்டு வைத்து இணைத்துவிட்டால், மீதிக் கதவு உங்கள் பேரன் காலம் வரையில் இருக்கும். நிலையின் கால் மக்கியிருந்தால் அந்தப் பகுதியை மட்டும் நீக்கி, கீழே கருங்கல் துண்டு வைத்து நிறுத்தலாம். ஒன்றரை அங்குல கனமுள்ள பழுத்த தேக்கின் மேல் கறுத்துப் போன நூறு வருஷத்து எண்ணெய் அழுக்கைக் கண்டு பயப்பட வேண்டாம். அரை அங்குலம் இழைப்பதற்குக்கூட அவசியமிராது. மேல் தோலை வழித்தால் உள்ளே பொன்னிறம் அப்படியே இருக்கும்.

இந்த வேலை தெரிந்த தச்சர்கள் குறைந்து வருகிறார்கள். காடி எடுத்துச் சட்டம் பூட்டத் தெரிந்தவர், வேலை இல்லாமையால் கடையில் தயாராக வரும் கதவுகளுக்குக் கீல் மாட்டிப் பிழைக்கிறார். அவருடைய பிள்ளை அந்தத் தொழிலுக்கே வருவதில்லை. ஊருக்கு ஒரு பத்து வீட்டார் வருஷத்துக்கு ஒரு முறை பழைய கதவைப் பழுது பார்க்க அவரைக் கூப்பிட்டால், கதவும் பிழைக்கும்; அவர் தொழிலும் பிழைக்கும்.

வருகிற புரட்டாசிக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கண்ணாடியும் பேனாக் கத்தியும் சாக்குக்கட்டியும் எடுத்துக்கொண்டு உங்கள் வாசற்கதவைச் சுற்றி வாருங்கள். குழந்தைகளையும் கூட அழைத்துக்கொள்ளுங்கள். நிலை, குடுமி, காடி, வைரம் என்ற சொற்கள் அவர்களுக்கு அப்போதாவது தெரியவரும்.